வேலியைப் பிடுங்கிய தலைவர்

ஏரல் அருகே,
12.2.1997

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான மெர்வின் மச்சானுக்கு, உங்கள் தங்கை பெர்சிஸின் கணவன் தேவசிகாமணி எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சுகம். நாக்பூரில் தாங்களும் மதினியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். நிற்க. உங்கள் வாழைத்தோட்டத்து வேலியைப் பெர்சிஸ் பிடுங்கிவிட்டாள்.

பதறாமல் படியுங்கள். ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது அவளை நிற்கச் சொன்னது நான்தான். பெயர் அவளுக்கு, ஆட்சி எனக்கு என்று கணக்குப் போட்டேன். ஊரும் அப்படித்தான் நினைத்து ஓட்டுப் போட்டது. பதவியேற்பு நாளில் மாலையெல்லாம் என் கழுத்தில்தான் விழுந்தது, நானும் குனிந்து குனிந்து வாங்கிக்கொண்டு தலைவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். குழம்பில் உப்புப் போதுமா என்று என்னைக் கேட்காமல் அடுப்பை விட்டு இறக்காதவள், கிட்டே வந்து, "அது நான் ஜெயிச்ச சேரு. நீங்க பைய எந்திச்சு அங்கன பெஞ்சுல இரிங்க" என்றாள். இருந்தேன்.

முதல் கூட்டத்துக்கே கீழத்தெருக்காரர்கள் வந்தார்கள். அவர்களுடைய சுடுகாட்டுப் பாதை உங்கள் அப்பா காலத்தில் அந்தத் தோட்டத்து வேலிக்குள் வந்துவிட்டது, உங்களுக்கும் தெரியும். அன்றிலிருந்து பாடையை வாய்க்காலில் இறக்கி, இடுப்பளவு தண்ணீரில்தான் சுமந்து போகிறார்கள். பெர்சிஸ் சர்வேயரை வரவழைத்து அளந்தாள், பாதை புறம்போக்குதான் என்று ஆகிவிட்டது. அவ்வளவுதான், ஊர் இரண்டுபட்டது. கூடப் பிறந்தவன் தோட்டத்தை அழிக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள், ஞாயிறு ஆராதனையில் அவள் பக்கத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை, நம் வாசலில் யாரோ சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். ராஜினாமா செய்துவிடு என்று நான் கெஞ்சினேன். அவள் அரிசி களைந்துகொண்டே முழுவதையும் கேட்டாள், பிறகு உலை வைக்கப் போய்விட்டாள்.

போன வாரம் கீழத்தெரு அன்னத்தாய் காலமானாள். பாடை வருகிறது என்றதும் உங்கள் சித்தப்பா மகன் நேசையாவும் நம் ஆட்களும் கம்போடு வேலிக்கு முன்னால் நின்றார்கள். பெர்சிஸ் சேலையைச் செருகிக்கொண்டு, தனியாகப் போய் முள்ளை இழுக்க ஆரம்பித்தாள். நேசையா கம்பை ஓங்கிக்கொண்டு வந்தான். நான் வாய்க்கால் கரையை விட்டு நகரவில்லை, மச்சான். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"ஏலே நேசையா, அடிக்கணும்னா பொறவு அடி. இப்ப இந்த முள்ள அந்தப் பக்கம் பிடி. அன்னத்தாய் காத்துக் கிடக்கா."

அவன் விழித்தான். கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முள்ளைப் பிடித்தான். பாதை திறந்தது. பாடை தண்ணீரில் நனையாமல் போயிற்று. கையெல்லாம் ரத்தமாக அவளும் பின்னால் நடந்தாள். பிஷப்பையும் கலெக்டரையும் கிட்டத்தில் பார்த்தவன் நான், ஒருத்தருக்கும் எழுந்து நிற்க வேண்டும் என்று உடம்பு தானாகச் சொன்னதில்லை.

ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. தாங்கள் உடனே லீவு போட்டு வந்து, மூத்தவர் என்ற முறையில் அவளைப் பதவி விலகச் சொல்ல வேண்டும். மதினிக்கு என் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

தங்கள் அன்புள்ள,
தே. தேவசிகாமணி

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கப் போகும் வழியில் தோட்டத்தைப் பார்த்தேன். யாரோ மறுபடியும் முள் வைத்து அடைத்திருந்தார்கள். நானே பிடுங்கிப் போட்டுவிட்டேன். தாங்கள் வர வேண்டாம். அடுத்த தேர்தலிலும் நிற்கச் சொல்லி அவளுக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் சொன்னால், எதற்குச் சொல்கிறேன் என்று சந்தேகப்படுவாள்.