ஜன்னல் கொக்கி

புயல் ஓய்ந்த மறுநாள், கணக்கு வாத்தியார் வீட்டில் ஒரே ஒரு சேதம்தான். கூடத்து ஜன்னலின் கொக்கி கழன்று, கதவு காற்றில் படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தது.

"கார்பென்டருக்குப் போன் போட்டேங்க," என்றாள் மனைவி. "ஏதோ ஒரு வீட்ல ஜன்னலோட சேர்த்துச் சுவரே விழுந்துடுச்சாம். இன்னிக்கு வர முடியாதாம்."

"பாவம், புயல் யாரை விட்டுது? அந்தச் சுத்தியலை எடு."

"நீங்களா? வேண்டாங்க. அப்பாவும் அம்மாவும் வேற வர்றாங்க. என்ன விஷயம்னு கேட்டா, நேர்ல சொல்றேன்னு அப்பா போனை வெச்சுட்டார்."

"வேறென்ன, நம்ம வீட்ல என்ன உடைஞ்சுதுன்னு பார்த்துச் சிரிக்கத்தான். எடு சுத்தியலை!"

காரணம் இருந்தது. போன தடவை வந்தபோது, உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் மாமனார் சொல்லியிருந்தார்: "மாப்பிள்ளை கைக்கு சாக்பீஸ்தான் லாயக்கு. எங்க வீட்ல ஒரு கார்பென்டர் காலடி வெச்சதில்ல. எல்லாம் இந்தக் கைதான்." அந்தப் பேச்சு வாத்தியாருக்கு இன்னும் வலித்தது. இன்றைக்கு இந்த ஜன்னலைத் தன் கையால் சரிசெய்து காட்டாவிட்டால் ஆயுசுக்கும் சாக்பீஸ்தான்.

ஸ்கேல் வைத்து அளந்தார். பென்சிலால் புள்ளி வைத்தார். இருந்ததிலேயே பெரிய ஆணியை எடுத்து ஓங்கி அடித்தார். மழையில் ஊறிய பலகை, மேலிருந்து கீழ்வரை பிளந்தது.

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று பிளவில் பசையை வழிய வழிய ஊற்றி, இறுகட்டும் என்று கதவை இழுத்து மூடினார். பலகை நன்றாகவே ஒட்டிக்கொண்டது. சட்டத்தோடும் ஒட்டிக்கொண்டது.

"பார்த்தியா, இப்ப அடிச்சுக்குதா?"

"திறக்கவும் மாட்டேங்குதே!"

கடப்பாரை வந்தது. நெம்பினார். கதவு அசையவில்லை. சட்டம் வந்தது, சட்டத்தோடு சுவரின் பூச்சு வந்தது, பூச்சோடு நாலைந்து செங்கல்லும் வந்தன. அடுத்த வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே ஓட்டை வழியாக வணக்கம் சொன்னார்.

"சுவரையே கோணலா கட்டியிருக்கான்," என்றார் வாத்தியார்.

"ஆமா, ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்."

வாசலில் வண்டி வந்து நின்றது. வாத்தியார் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினார். "பீரோவைத் தள்ளு! ஓட்டையை மறை!"

இரண்டு பேரும் தள்ளிய வேகத்தில் பீரோ சுவிட்ச் பெட்டியில் மோதி, மின்விசிறி நின்றுபோனது. தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு, பீரோவுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார் வாத்தியார்.

முதலில் மாமியார் உள்ளே வந்தார். கையில் ஒரு பெட்டி, கக்கத்தில் இரண்டு தலையணைகள். பின்னாலேயே மாமனார், சுருட்டிய மெத்தையோடு. வந்தவர் ஜன்னல் இருந்த பக்கம் பார்க்கவே இல்லை.

"மாப்பிள்ளை, கொஞ்ச நாளைக்கு நாங்க இங்கதான்," என்றார் மாமியார்.

"தாராளமா இருங்க அத்தை," என்றார் வாத்தியார், பீரோவை விட்டு நகராமல். "புயல்ல ரொம்பச் சேதமோ?"

மாமியார் தலையணைகளை நாற்காலியில் போட்டுவிட்டுக் கணவரை ஒரு பார்வை பார்த்தார்.

"புயல்ல ஜன்னல் கொக்கி ஒண்ணுதான் கழண்டுச்சு மாப்பிள்ளை. சுவரை உங்க மாமாதான் இறக்கினார்."