மந்திரி பேசிய ஒரே வசனம்

“சார், நேத்து மீட்டிங்ல நீங்க சொன்னது தப்பு. ராஜா செத்தப்போ ராணி அழல. நான் அங்கதான் இருந்தேன்.”

ஒரு திங்கட்கிழமை, ஆறு மணிக்கு முன்பே வந்த இந்த வாட்ஸப் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை. அனுப்பியவர், பதினெட்டாம் நூற்றாண்டைத் தன் கண்ணால் பார்த்த ஒரே பெங்களூர்வாசி. அங்கே அடுகோடிப் பகுதியில் மாவு மில் வைத்திருக்கிறார்.

சரித்திரப் படங்களில் கூட்டத்தோடு நிற்க ஆள் பிடிப்பவர்கள் அவருடைய தாடியை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அன்று முதல் அரியணைக்குப் பின்னால் நிற்கும் மந்திரி அவர்தான். தெருவுக்கும் அவர் மந்திரிதான்; சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் மட்டும் இருக்கிறது. எத்தனையோ ராஜாக்களிடம் வேலை பார்த்தவர், ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பேசாததை எல்லாம் எங்களிடம் பேசினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் கூடி, பழைய கல்வெட்டு, கடிதம் என்று அலசுவோம். ஆண்டும் கிழமையும் சரிபார்க்காமல் நான் வாயைத் திறப்பதில்லை. மந்திரி கடைசி வரிசையிலிருந்து கையைத் தூக்குவார்.

“ராஜா குதிரையிலதான் போனாரு சார்.”

“பல்லக்கில் போனதா ஆவணமே இருக்குங்க.”

“அப்போ என் காலை மிதிச்சது எது? பல்லக்கா?”

செருப்பைக் கழற்றி, கறுத்துப்போன கட்டைவிரல் நகத்தைக் காட்டுவார். அந்த நகத்தை மறுக்க என்னிடம் எந்த ஆவணமும் இல்லை.

ஒரு நாள் நான் கோதுமை அரைக்கப் போனபோது, தாடியெல்லாம் மாவோடு ஓடிவந்தார்.

“சார், டயலாக் கொடுத்துட்டாங்க!”

அரண்மனைக்குள் ஓடிப்போய், ‘அரசே, கோட்டை வீழ்ந்தது!’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அவர் மனைவி அதற்குள் ஓசூர் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுவிட்டார். “இத்தனை வருஷமா பொம்மை மாதிரி நின்னாரு சார். இப்பவாவது வாயத் தொறக்கறாரே!”

மந்திரி என் பக்கம் குனிந்தார். “இது நெஜமா நடந்துச்சா சார்?”

என்னிடம் கேட்டால் நான் சும்மா இருப்பேனா? அந்தக் கோட்டை போரில் விழவில்லை, உள்ளே அரிசி தீர்ந்து காவலர்களே கதவைத் திறந்துவிட்டார்கள் என்றேன்.

மந்திரி மெஷினை நிறுத்தினார். மாவு மில்காரருக்கு இதைவிடப் பெரிய சரித்திரம் ஏது?

“அப்போ ‘அரசே, அரிசி தீர்ந்தது’ன்னுதான் சொல்லணும்.”

“ஐயையோ, அது சினிமாங்க. எழுதிக் கொடுத்ததைச் சொல்லுங்க.”

“நீங்களா சார் இப்படிப் பேசறீங்க? போன வாரம் தலைப்பாகை கலர் தப்புன்னு ஒரு மணி நேரம் கத்துனீங்களே!”

“நான் கத்தலாம். உங்களுக்கு இருக்கறது ஒரே ஒரு வரி. அதை மாத்துனா வேற தாடியைக் கூப்பிட்டுக்குவாங்க.”

“கூப்பிடட்டும். சும்னே, வாயே தொறக்காம நின்னப்போ நான் பொய் சொல்லல. வாய் கொடுத்த உடனே பொய்யா?”

அவர் மனைவி என்னை முறைத்தார். “சார், அண்டா நெறைய அரிசி இருந்துச்சுன்னு சொல்லித் தொலைங்களேன்!”

பொய்ப் படங்களைத் திட்டியே தலை நரைத்த நான், ஒரு பொய் வசனத்துக்காக அன்று மாலை முழுக்க அந்த மில்லில் வாதாடினேன். என் கோதுமை அரைபடவே இல்லை.

படப்பிடிப்பு முடிந்து வந்தவரிடம் கேட்டேன். “என்ன சொன்னீங்க?”

“சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.”

“அதான், எதை?”

“ஆய்து சார், முடிஞ்சுபோச்சு. படத்துல பாருங்க.”

படம் வந்தது. ஓசூர் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தது. மந்திரி ஓடிவந்தார். திரை நிறைய அவர் முகம். வாய் திறந்தது. அந்த நேரம் பார்த்து முரசு அடித்துத் தள்ளிவிட்டார்கள். டப்பிங்குக்கு அவரைக் கூப்பிடவே இல்லையாம். உதட்டைப் பார்த்துச் சொல்லலாம் என்றால், தாடி. ராஜா மட்டும் இடிந்துபோய் உட்கார்ந்தார். எதைச் சொல்லியிருந்தாலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். ஓசூர் வரிசை விசிலடித்தது.

“பேசிட்டாரு” என்று அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் படத்தில் பீரங்கி தப்பு, நகை தப்பு, போர் நடந்த மாதமே தப்பு. இருந்தும் மறுபடி டிக்கெட் எடுத்து, முன்வரிசையில் உட்கார்ந்து அந்தத் தாடியையே பார்த்தேன். கோட்டையா, அரிசியா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. கேட்டால், “நான் அங்க இருந்தேன் சார்” என்பதோடு சரி.

என் குறிப்பில் ‘அரிசி’ என்றே எழுதி வைத்திருக்கிறேன். சான்று எதுவும் இல்லை.