வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், மச்சான்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் தங்கையும் முழங்கையைத் தவிர மற்றபடி நலம். வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

நீங்கள் பாசத்தோடு தங்கைக்குக் கொடுத்த மோட்டார் சைக்கிளை உடனே வந்து எடுத்துப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிற வேலைக்கு அது அவளுக்கு வசதிதான், இல்லையென்று சொல்லவில்லை. போகிற வழியில் என்னையும் கடையில் இறக்கிவிடுகிறாள். ஆனால் வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஒரு தட்டு இறங்கினால் மறுதட்டில் எடை வைக்க வேண்டும், இத்தனை வருடம் தராசு பழுது பார்க்கிற எனக்கு இதுகூடத் தெரியாதா? அவள் இடப்பக்கம் சாய்ந்தால் நான் வலப்பக்கம் நன்றாகச் சாய்ந்து சரிக்கட்டுகிறேன். அப்படியும் முதல் நாளே வண்டி திரும்பாமல் நேராகப் போய் மெத்தைக் கடை வாசலில் அடுக்கியிருந்த மெத்தைமேல் ஏறி நின்றது. கடைக்காரர் ஓடி வந்து, "படுத்துப் பாக்குறீங்களா சார்?" என்று கேட்டார். உங்கள் தங்கையோ, "பின்னாடி சிமெண்ட் மூட்டை மாதிரி உக்காருங்க. அது ஆடாது" என்கிறாள். கட்டின புருஷனிடம் பேசுகிற பேச்சா இது?

போன வாரம் திருப்பத்தில் மணல். அவள் சாய, நான் எதிர்ப்பக்கம் சாய, இரண்டு பேரும் விழுந்தோம். தாடையில் அரிக்கிறதென்று பட்டையை மாட்டாததால் என் ஹெல்மெட் தனியாக உருண்டு சாக்கடைக்குப் போனது. அவளுடையது தலையிலேயே இருந்தது, பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல். அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன் மச்சான். அவளுக்கு ஒன்று என்றால் நான் என்ன ஆவேன்? ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். தயவுசெய்து வாருங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அவளிடம் படித்துக் காட்டினேன். "நீங்க ஏறாத நாள்ல நான் எப்பவாச்சும் விழுந்திருக்கேனா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். விழுந்ததில் வந்த கால் வீக்கத்தால் நான் வீட்டிலிருந்த இந்த வாரம் முழுக்க அவள் தனியாகத்தான் போய் வந்தாள், ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதனால் நீங்கள் வர வேண்டாம். வண்டி அவளிடமே இருக்கட்டும். நாளையிலிருந்து நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன்.