கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏலக்காய் ஸ்டோர்

எம்.பி.ஏ. முடித்த முதல் வருடத்தில் யார் கையிலும் ஊர் வரைபடத்தைக் கொடுக்கக் கூடாது. கூடவே ஸ்கெட்ச் பேனாவும் கிடைத்துவிட்டால் அந்தக் குடும்பத்தை ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும். எங்கள் விஷயத்தில் ஆண்டவன் லீவில் இருந்தார்.

போடிமெட்டுக்கு மேலே அப்பாவுக்குச் சின்னதாக ஒரு ஏலத்தோட்டம் உண்டு. பறித்த பச்சைக்காயை அன்றைக்கே சூடு காட்டி உலர்த்தியாக வேண்டும். மூட்டையிலேயே கிடந்தால் புழுங்கி நிறம் போய்விடும். உலர்த்தும் இடத்தை எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். எங்களுக்குச் சொந்த ஸ்டோர் கிடையாது. சீசனில் அடுத்தவர் ஸ்டோர் வாசலில் மூட்டையோடு காத்துக் கிடந்து அலுத்துப்போன அப்பா, அக்கம்பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு சொந்தமாக ஒன்று போடத் தீர்மானித்தார். எங்கே போடுவது, எவ்வளவு பெரிதாகப் போடுவது என்ற இரண்டு கேள்விகளையும் என்னிடம் விட்டார். மதுரையில் படித்துவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்திருந்த மகளுக்கு ஒரு சோலி கொடுத்த மாதிரியும் இருக்கும் என்று நினைத்திருப்பார். பாவம்.

நான் வரைபடத்தை விரித்தேன். தோட்டங்களுக்குப் புள்ளி, காயை ஏலம் விடும் இடத்துக்குப் புள்ளி, விறகுக் கடைக்குப் புள்ளி, ரயில்வே ஸ்டேஷனுக்கும் ஒரு புள்ளி (ரயிலில் நாங்கள் ஒரு காய்கூட அனுப்பியதில்லை, ஊரில் ஸ்டேஷன் இருக்கிறதே, சும்மா விடுவானேன்!). கணக்குப் போட்டு எல்லாவற்றுக்கும் நடு மையத்தைக் கண்டுபிடித்தேன். அது ஆடுகூட ஏறாத ஒரு பாறையின் நெற்றியில் விழுந்தது. கொஞ்சம் நகர்த்தினேன். அங்கே ரோடு இல்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். இப்படி நகர்த்தி நகர்த்தி, விஞ்ஞானபூர்வமாக, மலையை விட்டே இறங்கி போடி ஊர் எல்லையில் காலியாகக் கிடந்த ஒரு பழைய பஞ்சு குடோனில், எங்கள் ஊர்ப் பேச்சில் கிட்டங்கியில், கொண்டுவந்து நிறுத்தினேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். “அஞ்சு மூட்டை பச்சைக்காய் காஞ்சா ஒரு மூட்டைதான் தேறும். மேலயே காயவச்சா அந்த ஒண்ண மட்டும் கொண்டாந்தாப் போதும். மிச்சம் நாலு மூட்டைத் தண்ணிய எதுக்குடி ஜீப்புல ஏத்தி எறக்குற?”

தொழிற்சாலையை எங்கே வைப்பது என்ற பாடத்தில் முதல் பக்கமே இதுதான். எனக்கு அந்தப் பக்கம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. தொலைநோக்குப் பார்வை வேண்டும் என்று அம்மாவுக்கு விளக்கினேன். அவள் கீரைக்குத் திரும்பிவிட்டாள். அப்பா என் படிப்பை நம்பிக் கிட்டங்கியை விலைபேசி வாங்கிவிட்டார்.

அடுத்து அளவு. அப்பா கேட்டது ஒரு ஜீப்பு லோடு கொள்ளும் டிரையர். நானோ ஒவ்வொரு தோட்டக்காரரிடமும் அவர் வாழ்நாளிலேயே அதிகமாகப் பறித்த நாளின் அளவைக் கேட்டேன். (விளைச்சலைப் பற்றிப் பேசும் தோட்டக்காரரும் பையனின் சம்பளத்தைப் பற்றிப் பேசும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒன்று.) அத்தனை பேரும் ஒரே நாளில் அதே அளவு பறித்தால் என்று கூட்டி, எதிர்கால வளர்ச்சிக்காக அதில் பாதியை மேலே போட்டேன். வந்திறங்கிய டிரையரைச் சுற்றி வந்து பார்த்த அண்ணன், இதற்குள் ஜீப்பையே காயவைக்கலாம் என்றான்.

டிரையரின் விறகு அடுப்புக்குப் புகைபோக்கியை எந்தப் பக்கம் வைப்பது என்று கொத்தனார் கேட்டார். முன்பக்கம் பார்வையாக இருக்க வேண்டுமே! பின்பக்கம் வைக்கச் சொன்னேன். பின்பக்கம் கல்யாண மண்டபம். அது என் கண்ணில் படாமல் இல்லை. வண்டி நிறுத்த நல்ல இடம் என்று அதைச் சாதகமான அம்சமாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

திறப்பு விழாவுக்கு ஆவணியில் நல்ல முகூர்த்தமாக ஒரு நாள் பார்த்தோம். நமக்கு நல்ல நாள் என்றால் மண்டபத்துக்கும் நல்ல நாள்தானே என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அன்று காலை மலையிலிருந்து வந்த ஜீப்பு, கல்யாண வேன்களைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை. அப்பாவும் அண்ணனும் மூட்டைகளைத் தலையில் வைத்து மண்டப வாசல் வழியாகவே சுமந்தார்கள். வாசலில் நின்ற பெண்கள் அவர்களுக்கும் பன்னீர் தெளித்தார்கள். அத்தனை மூட்டையையும் கொட்டியும் டிரையரின் ஒரு மூலைதான் நிறைந்தது. ஆனால் சூடு முழு அறைக்கும் ஏற வேண்டும். மழையில் நனைந்த விறகு வேறு. அடுப்பு நிறையத் திணித்துப் பற்றவைத்தோம். அப்பா கற்பூரம் காட்டினார். நான் கைதட்டினேன்.

மேற்கே மலையிலிருந்து இறங்கிய காற்று, புகை முழுவதையும் அள்ளி மண்டபத்து ஜன்னல்களுக்குள் திணித்தது. கொஞ்ச நேரத்தில் நாதஸ்வரம் நின்று இருமல் கேட்டது. பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். மணப்பெண்ணின் தாய்மாமன். முகமெல்லாம் கண்ணீர். எங்களைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆத்தா, பொண்ணு மேடையில பொலபொலன்னு அழுகுது. விருப்பமில்லாத பிள்ளைய மெரட்டி உக்கார வச்சிருக்கோம்னு மாப்ள வீட்ல எந்திரிச்சிட்டாக. வெரசா வந்து சொல்லு, இது ஒன் பொகைதான்னு.”

ஒரு டிரையரால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கப்போகிறது. அப்படியே மேடைக்கு ஓடினேன். யாரோ மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மைக்கைப் பார்த்ததும் எனக்குள் இருந்த எம்.பி.ஏ. விழித்துக்கொண்டது. இட வசதி, காற்றின் திசை, அடுப்பின் கொள்ளளவு என்று நான் தொடங்கவும், மாப்பிள்ளையின் அத்தை என்னை ஒதுக்கிவிட்டு நேராகப் பெண்ணிடமே கேட்டார், பையனைப் பிடித்திருக்கிறதா என்று. பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

“பிடிச்சிருக்கு அத்தை. ஆனா அவுக எங்க இருக்காகன்னுதான் தெரியல.”

மாப்பிள்ளை புகைக்குள்ளிருந்து கையைத் தூக்கிக் காட்டினார்.

இதற்குள் அண்ணன் அடுப்பில் தண்ணீரைக் கொட்டிவிட்டான். புகை இரட்டிப்பானது. அதற்குள்ளேயே, தடவித் தடவி, தாலி கட்டு முடிந்தது. சாப்பாட்டுக்கூடத்தில் யாராலும் உட்கார முடியவில்லை. அம்மாதான் கிட்டங்கியின் கதவுகளை அகலத் திறந்துவிட்டு, இலையை இங்கே போடச் சொன்னாள். டிரையர் போக, நான் எதிர்கால வளர்ச்சிக்காகக் காலியாக விட்டு வைத்திருந்த இடத்தில் மொத்தக் கல்யாணமும் ஒரே பந்தியில் உட்கார்ந்தது. நாற்காலிக்குப் பின்னால் நின்று அடுத்தவர் பாயசத்தைப் பார்க்கும் அவசியம் யாருக்கும் வரவில்லை.

அப்பா சாப்பிடவில்லை. அடுத்தவர்கள் நம்பிக் கொடுத்த காய். திரும்ப மூட்டை கட்டி, அதே ஜீப்பில் மலையேற்றி, பழைய ஸ்டோர்காரரின் கையைக் காலைப் பிடித்து உலர்த்திக் கொண்டுவந்தார். கொஞ்சம் நிறம் மங்கினாலும் காய் தப்பித்தது. அவர் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

டிரையரைப் பிறகு மேலே ஒரு பெரிய எஸ்டேட்டுக்குத் தள்ளிவிட்டோம். கிட்டங்கியை, அடுத்த முகூர்த்தத்துக்கே மண்டபக்காரர் சாப்பாட்டுக்கூடமாக வாடகைக்குக் கேட்டார். இன்றைக்கும் அண்ணன் அதைத்தான் நடத்துகிறான், நல்ல ஓட்டம். இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சில வருடம் கழித்து அதே மண்டபத்தில் எனக்குக் கல்யாணம். கழுத்தில் தாலி ஏறிய நேரம் எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. மேடையில் நின்ற அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்பக்கம் போய், எங்கேயும் அடுப்பு எரியவில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, மாப்பிள்ளையின் காதில் சொன்னான்:

“மாப்ளே, பொகை எதுவும் இல்ல. அது ஒங்களுக்காகத்தான் அழுகுது.”