பேன் டாக்டரின் மூக்கு

திருவொற்றியூரில் நாற்றத்துக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. ஆனால் நாற்றத்துக்காக எங்கள் தெருவில் தண்டிக்கப்பட்டவர் ஒரே ஒரு மனிதர்தான்: பேன் டாக்டர்.

டாக்டர் பட்டமெல்லாம் கிடையாது. துறைமுகக் கிடங்குகளில் தானிய மூட்டைகளுக்கு மருந்துப் புகை போட்டு ஓய்வு பெற்றவர். அந்த வேலை அவருக்குக் கொடுத்த ஒரே பரிசு, மோப்பம் அடியோடு செத்துப்போன மூக்கு. "இனிமே விசத்த தொடமாட்டேன் சாரே" என்று சபதம் போட்டார். எங்கள் அடுக்கு வீட்டு மொட்டை மாடியில் பிளாஸ்டிக் ஷீட்டால் பசுமைக்குடில் கட்டி, குடைமிளகாய் வளர்த்தார்.

குடிலின் புழுக்கத்துக்குச் செஞ்சிலந்திப் பேன் வந்து சேர்ந்தது. இலைக்கு அடியில் உட்கார்ந்து சாறு குடித்தே செடியை வெளுக்க வைக்கும் பொடிப் பூச்சி. ஒரு மத்தியானம் மாடியிலிருந்து, "ஐயோ, பேன் புட்சிக்கிச்சே!" என்று அலறினார். கீழ்வீட்டு மேரியக்கா, அவர் கை ஃபேனில் மாட்டிக்கொண்டது என்று நினைத்து மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் அவருக்கு வந்த கோபம்!

"செடிக்குப் பேனா? சீப்பு போட்டு வாரு நைனா!"

அன்றோடு பெயர் நிலைத்துவிட்டது.

வேப்பெண்ணெயைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நுரைக்க நுரைக்கக் கலப்பார். அதற்கும் பேன் அடங்காவிட்டால் பூண்டும் பச்சைமிளகாயும் அரைத்து ஊறவைத்த கரைசல். வெயில் தாழ்ந்ததும் லாரிக்கடியில் மெக்கானிக் படுப்பதுபோல் மல்லாந்து படுத்து, இலையின் அடிப்பக்கத்துக்குப் பீய்ச்சுவார். பாதி அவர் முகத்திலேயே விழும். கரைசல் பதமாகிவிட்டதா என்று பார்க்க என் மூக்குதான்.

"மோந்து பாரு சாரே. நாறுதா?"

"குடலைப் புரட்டுதய்யா!"

"அப்போ ரெடி."

எதையாவது எண்ணாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. லென்ஸ் வைத்து இலை இலையாகப் பேன் எண்ணினேன். குறைந்துகொண்டே வந்தது. பேன் குறைந்தது, குடியிருப்போர் சங்கம் கூடியது. பூண்டு நாற்றம் தாங்கவில்லை, குடிலைப் பிரித்தே ஆகவேண்டும் என்றார்கள்.

கூட்டம் நடக்கும்போதே தொழிற்சாலைப் பக்கமிருந்து வழக்கமான புகைக்காற்று வந்தது. எல்லோருக்கும் கண்ணில் நீர் கொட்டியது. மேரியக்கா இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினார்.

"இது டெய்லி வர்றதுதானே! பூண்டு மேட்டருக்கு வாங்கப்பா" என்றார் தலைவர்.

மிளகாய்க் கரைசலில் ஊறிய கண் பேன் டாக்டருக்கு. அவர் மட்டும் கலங்காமல் எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா சாரே, அல்லாரும் அயுவுறீங்கோ? எனுக்காவா?"

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கை தூக்கி ஓட்டுப் போடச் சொன்னார். கைகளை எண்ணும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். குடில் இருக்கட்டும் என்று தூக்கியவை இரண்டே கைகள். ஒன்று அவருடையது, இன்னொன்று என்னுடையது. மறுபடி எண்ணினேன். கூடவில்லை.

குடிலைப் பிரித்த அன்று, கடைசிக் காய்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். எதிர்த்துக் கை தூக்கிய வீடுகளுக்கும்தான். வாங்கிக்கொண்டார்கள். வெட்கமில்லாமல் வதக்கியும் தின்றார்கள். என்னிடம் ஒரு காயை நீட்டினார்.

"மோந்து பாரு சாரே. வாசன கீதா?"

"இருக்குய்யா."

"மருந்து நாத்தம்?"

"துளிகூட இல்லை."

தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கினார். அந்த வாரமே பெரம்பூரில் மகள் வீட்டோடு போய்விட்டார்.

புகைக்காற்று இன்றும் தவறாமல் வருகிறது. அதற்காக யாரும் கூட்டம் போடவில்லை. என் மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது. "நாறுதா சாரே?" என்று கேட்கத்தான் ஆளில்லை.