அரையாண்டுச் சரிக்கட்டு

ஒரு நாட்டின் பெருமையை அதன் கோட்டைகளையும் பாலங்களையும் வைத்து அளப்பவர்கள் விவரம் போதாதவர்கள். அதன் அரசு அலுவலகங்கள் ஆண்டின் நடுவில் என்ன செய்கின்றன என்று போய்ப் பார்க்க வேண்டும். அங்கே நடக்கும் அரையாண்டுச் சரிக்கட்டைப் போல் ஓர் அறச்செயல் உலகத்தில் வேறு இல்லை. வருடத் தொடக்கத்தில் ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவுதான் செலவு என்று வரம்பு கட்டுகிறார்கள். பாதி வருடம் போனதும் திரும்பிப் பார்க்கிறார்கள். வரம்பை மீறிச் செலவழித்தவருக்கு, 'தேவை நிரூபணமாகிவிட்டது' என்று மேலும் கொடுக்கிறார்கள். பொத்திப் பொத்தி வைத்திருந்தவரிடம், 'தேவை இல்லை போலிருக்கிறது' என்று இருப்பதையும் வாங்கிக்கொள்கிறார்கள். இதைவிட என்ன நியாயம் வேண்டும்?

முதியோர் நலத் துறையில் இந்த நியாயத்தை வழங்கிவந்தவர் கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி அலுவலகம் முழுக்க அவர் 'சரிக்கட்டு சார்'தான். கணக்கில் எங்கே பள்ளம் விழுந்தாலும் வேறு எங்காவது தோண்டி அதை மூடிவிடுவார். தோண்டிய இடம் என்னாவது என்று கேட்டால், அது அடுத்த அரையாண்டுக்கு என்பார்.

துறையின் கட்டடத்துக்கு மூன்று மாடி. கீழே இயக்குநர் அறையும் வரவேற்புக் கூடமும். உதவித்தொகைப் பிரிவு மூன்றாம் மாடியில். மூத்தவர்களை உயர்ந்த இடத்தில் வைத்து மதிப்பது என்ற 'கொள்கை முடிவு' அது. உதவித்தொகை வாங்கும் முதியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை, அதற்கென்று ஒதுக்கிய மாதத்தில், அந்த மாடிக்கு நேரில் ஏறி வந்து, உயிரோடு இருப்பதாகக் கைரேகை வைக்க வேண்டும். வைக்காதவர்கள் 'உயிருடன் இருப்பது உறுதி செய்யப்படாதவர்கள்'. அவர்களுக்குப் பணம் நின்றுவிடும்.

ஏறுவதற்கு ஒரு லிஃப்டும் இருந்தது. வருடத் தொடக்கத்திலேயே அது இரண்டாம் மாடியையும் மூன்றாம் மாடியையும் தொடாமல் நடுவில் நின்றுவிட்டது. லிஃப்ட்காரர் மட்டும் தவறாமல் வந்து, கதவருகே ஸ்டூல் போட்டு உட்காருவார். யாராவது பட்டனை அழுத்தினால், "படி அந்தப் பக்கம்ங்க" என்று மரியாதையாகக் கைகாட்டுவார். மாலையில், 'இன்று ஏறியவர் எவருமில்லை' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

உதவித்தொகை வாங்கியவர்களில் சரிக்கட்டு சாரின் அக்காவும் ஒருத்தி. புருஷன் போன பிறகு தையல் மெஷின் மிதித்துத் தம்பியைப் படிக்க வைத்தவள். தம்பி ஆளாகிவிட்டார், அவளுடைய முழங்கால்கள் போய்விட்டன. தம்பிக்குக் கல்யாணம் கைகூடவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆனாலும் தன் மாத்திரைக்கும் பால்காரருக்கும் அவள் உதவித்தொகையிலிருந்துதான் கொடுப்பாள். "உன் காசுல வாங்கின மாத்திரை எனக்குக் கேட்காதுடா" என்பாள்.

லிஃப்டை அவள் அவ்வப்போது உடம்பு சரியில்லாத உறவுக்காரரை விசாரிப்பதுபோல் விசாரிப்பாள். ரிப்பேருக்குப் பணம் தனியாக இருக்கிறது, மூன்று கம்பெனி விலை சொல்ல வேண்டும், இரண்டுதான் சொல்லியிருக்கிறது, மூன்றாவது வந்ததும் ஓடிவிடும் என்று தம்பி சமாதானம் சொல்லுவார்.

அரையாண்டுக் கூட்டம் மூன்றாம் மாடி மாநாட்டு அறையில் நடக்க வேண்டியது. இயக்குநர் அம்மா படிக்கட்டை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். 'நிர்வாகக் காரணங்களுக்காக'க் கூட்டம் கீழேயே நடந்தது. பள்ளம் விழுந்திருந்தது வரவேற்புக் கூடத்தில். சோபா, திரைச்சீலை, சுவர் நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி என்று ஒரு வருடத்துப் பணம் கரைந்திருந்தது. தொட்டிக்காரருக்கு இன்னும் பாதி பாக்கி.

"இங்க வந்து காத்திருக்கிற பெரியவங்க மனசுக்கு இதமா இருக்க வேண்டாமா?" என்றார் இயக்குநர் அம்மா. "ஒரு வழி பண்ணுங்க சார்."

சரிக்கட்டு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். லிஃப்ட் ரிப்பேருக்கு வைத்த பணம் கை படாமல் அப்படியே இருந்தது. அக்காவின் முழங்கால்கள் ஒரு கணம் ஞாபகத்துக்கு வந்தன. ஆனால் சொந்தக்காரர்களின் முழங்காலை அலுவலகத்துக்குள் விடுவதில்தான் ஊழல் தொடங்குகிறது என்று அவர் உறுதியாக நம்பினார். எனவே இரண்டு ஆதாரங்களைச் சபையின் முன் வைத்தார். லிஃப்ட்காரரின் பதிவேட்டின்படி, ஆறு மாதமாக ஒரு ஜீவன்கூட லிஃப்டைப் பயன்படுத்தவில்லை. புகார்ப் பெட்டியையும் திறந்து பார்த்தாயிற்று. ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பெட்டி மூன்றாம் மாடியில் இருந்தது என்பதைச் சொல்லி அவர் சபையின் நேரத்தை வீணாக்கவில்லை.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த தட்டச்சுப் பெண் தலை நிமிர்ந்தாள்.

"சார், லிஃப்ட் ஓடலையே. அப்புறம் எப்படி ஏறுவாங்க?"

"ஏன் ஏறலைன்னு கேட்கிற கட்டம் இந்தப் படிவத்துல இல்லைம்மா" என்றார் அவர், பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல.

'பயனாளிகள் லிஃப்டை விரும்பவில்லை' என்று தீர்மானம் நிறைவேறியது. பணம் மீன் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த மாதமே கைரேகை மாதம். அக்கா போனாள். லிஃப்ட்காரர் கைகாட்டினார். ஏறியவள் முதல் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கே ஏற்கெனவே நாலைந்து பேர் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எல்லோரும் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இறங்கி, மீன்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அன்று சோறு போட்டுக்கொண்டே அக்கா தம்பியிடம் கேட்டாள். "அந்தக் காகிதத்தை நீயே வீட்டுக்குக் கொண்டாயேன்டா. இங்கேயே ரேகை வச்சுத் தர்றேன். நான் இருக்கேனா இல்லையான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. ஆனா அது எனக்குத் தெரியும். துறைக்குத் தெரியாது."

"துறைக்கு எப்போ தெரியும்?"

"மூணாவது மாடிக்கு வந்தா தெரியும்" என்றார் அவர், ரசத்தை உறிஞ்சியபடி. அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

மறுநாளும் சாப்பாட்டு டப்பா தயாராக இருந்தது. உயிருடன் இருப்பது உறுதி செய்யப்படாத ஒருவர் சமைத்ததை அவர் வயிறு ஆட்சேபணை இன்றி ஏற்றுக்கொண்டது.

மாத முடிவில் கணக்குப் பார்த்தபோது பாதிப் பேர் உறுதி செய்யப்படவில்லை. உதவித்தொகைப் பணம் ஏராளமாகத் தேங்கிவிட்டது. முன்னெப்போதும் காணாத மிச்சம். தட்டச்சுப் பெண்ணுக்கு மறுபடியும் வாய் சும்மா இருக்கவில்லை. இதை வைத்தாவது லிஃப்டைச் சரி பண்ணலாமே என்றாள். ஆள் பாதியாகக் குறைந்துவிட்ட மாடிக்கு லிஃப்ட் ஆடம்பரம் என்று சரிக்கட்டு சார் விளக்கினார். அந்தப் பணத்தில் ஒரு துளியை எடுத்து மீன்களுக்கு ஓயாத வெளிச்சமும் புதிய தண்ணீரும் ஏற்பாடு செய்தார்கள். மீன்கள் கீழ்த்தளத்திலேயே வசித்ததால், உயிருடன் இருப்பதை நிரூபிப்பதில் அவற்றுக்குச் சிரமம் ஏதும் இல்லை.

இப்பேர்ப்பட்ட சேவையை அரசு கவனிக்காமல் விடுமா? அவருக்குச் 'சிக்கனச் செம்மல்' பட்டமும் கேடயமும் வழங்கும் விழா வரவேற்புக் கூடத்தில் நடந்தது. அந்தப் பரபரப்பில் அவர் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். அக்கா அதை எடுத்துக்கொண்டு விந்தி விந்தி வந்து சேர்ந்தபோது விழா நடந்துகொண்டிருந்தது. லிஃப்ட்காரர் தன் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் மீன் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இயக்குநர் அம்மா ஒலிபெருக்கியில் உருகினார். "ஒருத்தர் மனசும் நோகாம, ஒரு புகாரும் இல்லாம, துறைக்கு இவ்வளவு மிச்சம் பிடிச்சுக் கொடுத்தவர் இவர்தான்."

கூடம் கைதட்டியது. தட்டல் அடங்கியதும் அக்கா எழுந்து டப்பாவோடு மேடைப் பக்கம் நடந்தாள். முழங்கால்களைப் பிடித்துப் பிடித்து வந்தவளைப் பார்த்து எல்லோரும் வழி விட்டார்கள்.

"யாரு இந்த அம்மா?" என்று இயக்குநர் கேட்டார். "உங்களுக்கு வேண்டியவங்களா சார்?"

சரிக்கட்டு சார் கேடயத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். வாய்வரை வந்தது 'அக்கா' என்கிற சொல். சொன்னால் உயிருடன் இருப்பவர்கள் பட்டியலில் ஓர் ஆள் கூடும். ஓர் ஆள் கூடினால் மிச்சம் இடிக்கும். மிச்சம் இடித்தால் கேடயத்தில் பொறித்திருக்கும் தொகை பொய்யாகிவிடும். வாழ்நாளில் அவர் ஒரு கணக்கைக்கூட இடிக்க விட்டதில்லை.

"எங்க கணக்குல இப்படி ஒருத்தர் இல்லைங்க மேடம்" என்றார்.

அக்கா ஒன்றும் பதறவில்லை. சூடு ஆறாத டப்பாவை மேசையில் கேடயத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒலிபெருக்கிப் பக்கம் கொஞ்சம் குனிந்தாள்.

"அவன் சொல்றது சரிதாங்க. அவன் பிடிச்ச மிச்சம் நான்தான்."