பதினோராவது தட்டு வராத காரணம்

மதிப்பிற்குரிய சம்பந்தி சிவநேசன் அவர்களுக்கு,

ஜெலுத்தோங்கிலிருந்து அர்ஜுனனின் தந்தை லோகேஸ்வரன் எழுதுகிறேன். தங்கள் இல்லத்தார் அனைவரின் நலனையும் வேண்டுகிறேன். நிச்சயதார்த்தத்தன்று பதினொரு வரிசைத் தட்டுகளுக்குப் பதில் பத்து மட்டுமே வந்த காரணத்தை முறைப்படி தெரிவித்து, நின்றுபோன தாம்பூல மாற்றத்திற்கு மறுபடி நாள் கேட்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

எங்கள் புதிய வண்டியின் பின்கதவு, சாவி சட்டைப்பையில் இருந்தால், பம்பருக்குக் கீழே காலை ஆட்டியதும் தானே திறக்கும். பூசை போட்டுச் சந்தனம் வைத்த வண்டியை எவரும் காலால் திறக்கக்கூடாது என்று வாங்கிய அன்றே விதித்துவிட்டேன். சாமி மேடையிலிருந்து எடுத்த தட்டைப் பெண் வீடு சேரும்வரை தரையில் வைக்கலாகாது என்பதும் எங்கள் வீட்டு விதி. வண்டிக்குள் ஏர்கான் குளிர் வீணாகாதிருக்கப் பின்கதவை மூடச் சொன்னவனும் நானே. ஆகவே பதினொரு பேர், பதினொரு தட்டுடன், மூடிய கதவுக்குப் பின்னால் வெயிலில் நின்றோம். "கால நீட்டுங்களேன்," என்றாள் என் மனைவி ருக்குமணி. "வண்டியை உதைப்பதா?" என்றேன். "யாரு ஒதைக்கச் சொன்னா? காத்துல ஆட்டுனா போதும்லா!" காற்றில் ஆட்டினாலும் நோக்கம் உதைப்பதே என்று நான் விளக்கிக்கொண்டிருக்கையில், பக்கத்து வீட்டுப் பூனை பம்பருக்கு அடியில் புகுந்தது. கதவு எழுந்து என் தட்டை அடியோடு தூக்க, அறுபத்தொரு லட்டும் வாசல் லோங்காங் சாக்கடையில் விழுந்தன. "அண்ணே, பூனைக்கும் ரூல்ஸ் சொல்லி வச்சிருக்கணும்லா!" என்றார் பூனையின் உரிமையாளர் முகம்மது கனி. அதில் நியாயம் இருப்பதாக இப்போது படுகிறது.

"இன்னொன்னக் கொறச்சு ஒம்பதாக்கிடலாங்க," என்றாள் ருக்குமணி. தங்களுக்கு அனுப்பிய பட்டியலில் பதினொன்று என்று கையொப்பமிட்டிருந்தேன், மறுத்தேன். சிம்பாங் அம்பாட்டில், தங்கள் இல்லத்தில், தமக்கை ரமணி எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒத்தப்படை எண்ணத் தெரியாத வீட்டுக்கா பொண்ணு குடுக்கிற, தம்பி?" என்று சபை நடுவே கேட்டதோடு தாம்பூல மாற்றம் நின்றது, சம்பந்தி. மூன்று நாளாக அர்ஜுனன் என்னோடு பேசுவதில்லை. எதிரே வந்தால் காலை மட்டும் ஆட்டிக் காட்டுகிறான்.

தங்கள் மகள் மோகனாவுக்கு எங்கள் ஆசிகள். தமக்கையாருக்கு என் வணக்கம். தாங்கள் இசைந்தால் வெள்ளிக்கிழமை காலை பதினோராவது தட்டை நானே இரு கைகளிலும் ஏந்தி வருவேன். பின்கதவு கையால் மட்டுமே திறக்கப்படும். இதில் தளர்வில்லை.

இங்ஙனம்,
லோகேஸ்வரன்

பி.கு.: இதை எழுதி முடித்து, காலித் தட்டொன்றை ஏந்தி வண்டியருகே ஒத்திகை பார்த்தேன். கை இரண்டும் தட்டில். அக்கம்பக்கத்தில் யாருமில்லை. ஆட்டினேன், திறந்தது. ஆட்டினேன், மூடியது. ஏழு முறை திறந்து பார்த்தேன், ஒற்றைப்படைதான். வெள்ளிக்கிழமை செருப்பைக் கழற்றிவிட்டு ஆட்டுவேன்.